சுவர் கேட்ட நிழல்

கொடியில் காய்ந்தவை மூன்று சட்டைகள்தான். முற்றத்துக் கற்களின் மேல் விழுந்த நிழல்கள் நான்கு.

டனூட்டா வாளியைக் கீழே வைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கணவன் லெஷெக்கின் சட்டை, மகள் ஹானியாவின் சட்டை, அவளுடையது. மூன்றும் காற்றில் ஆடின. நாலாவது ஆடவில்லை. தலையும் தோளுமாக, யாருக்கோ காத்திருக்கும் ஆளைப் போல அசையாமல் நின்றது.

களைப்பு என்று சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. போலந்தில் இருந்ததையெல்லாம் விற்றுவிட்டு இந்தப் பல்கேரிய மலைக் கிராமத்துக்கு வந்ததிலிருந்து அவள் சுமந்த கல்லையும் விறகையும் அடுக்கி வைத்தால் எதிர்மலை வெட்கப்பட்டுக் குனிந்துகொள்ளும். காலையில் அவள் எழுந்துவிடுவாள். அவள் இடுப்பு மத்தியானத்துக்கு மேல்தான் எழுந்து வரும். கூரை ஒழுகல் நின்றால் குழாய் இருமும், குழாயைச் சமாதானம் செய்தால் அடுப்பு கோபித்துக்கொண்டு ஊரையே மறைக்கும் அளவுக்குப் புகையும். திரும்பிப் போக இடமில்லை. ஹானியாவுக்கு இனி இதுதான் வீடு. இது நின்றாக வேண்டும்.

ஆனால் ஹானியாவின் அறைச் சுவர் நிற்பதாக இல்லை. போன வாரம் ஹானியாவின் கட்டிலுக்கு மேலே பழைய பூச்சைக் கொத்தியபோது, கற்களுக்கு நடுவிலிருந்து மெழுகு தடவிய சிவப்புக் கம்பளிக் கயிறு ஒன்றை லெஷெக் இழுத்து இழுத்து எடுத்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு கயிறு கிடைக்குமா!" என்று அதையே துணிக்கொடியாகக் கட்டினான். அன்று முதல், தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் ஆளைப் போலச் சுவருக்குள் நறநறவென்று ஒரு சத்தம். தலையணையில் சுண்ணாம்புத் தூள். ஈர மண்ணும் செம்மறி ஆடும் கலந்த வாடை.

குரல் முன்னே வர, சுட்ட மிளகாய்ச் சட்டியோடு பக்கத்து வீட்டு வெலிகா பின்னே வந்தாள்.

"என்னடி போலந்துக்காரி, உன் புருஷன் சுவரை இடிக்கிறானா, சுவர் அவனை இடிக்குதா? எங்க ஊட்டு கோழி பயத்துல முட்டையை உள்ளேயே வச்சுக்கிச்சு!"

சிரித்துக்கொண்டே கொடியைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

டனூட்டா சொன்னாள். வெலிகா சட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தக் காலத்துக் கொத்தனாருங்க, நிக்காத சுவருக்கு வழியில போற யாரோ ஒருத்தர் நிழலைக் கயித்தால அளந்து உள்ளே வச்சுக் கட்டுவாங்க. யார் நிழலை அளந்தாங்களோ அந்த ஆள் பனி விழறதுக்குள்ள செத்துப் போயிடுவான். அவன் நிழல்தான் சுவரைத் தாங்கும். திரும்ப வச்சுடு. இன்னைக்கே. இல்லேன்னா சுவர் வேற நிழல் கேக்கும்."

சன்னலில் ஹானியா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு வைக்கிறேன் அக்கா," என்றாள் டனூட்டா. "சத்தியமா இன்னைக்குக் கை தூக்க முடியல."

மறுநாள் முற்றத்தில் நிழல்கள் மூன்றுதான். நாலாவது கிளம்பிப் போயிருந்தது. கயிறு விரலில் பட்டதும் சாம்பலாக உதிர்ந்தது. உள்ளே, கட்டிலுக்கு மேலே சுவர் வயிறு போலப் புடைத்து, விரிசல் விட்டிருந்தது. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு வெலிகாவைத் தேடி ஓடினாள். வீடு பூட்டிக் கிடந்தது. சந்தைக்குப் போயிருப்பாள் என்று மலையடிவாரச் சந்தை வரை இறங்கித் தேடியும் காணவில்லை. ஏற்றப் பாதையில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது.

லெஷெக் பூச்சுக் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றான். முகமெல்லாம் சுண்ணாம்பு, சிரிப்பு.

"சுவர் நின்னுடுச்சு டனூ! புடைப்பு உள்ளே போயிடுச்சு. சத்தமும் இல்ல."

"எப்படி?"

"நானும்தான் கொத்திக் கொத்திப் பார்த்தேன், ஒண்ணும் ஆகல. உன் பொண்ணுதான் வெலிகா அக்கா சொன்னதைச் செஞ்சு பாக்கலாம்னு ஒரே அடம். வெயில்ல நிக்க வச்சு அவ நிழலை நூலால அளந்தோம். விளையாட்டுக்குத்தான். அந்த நூலை விரிசல்ல திணிச்சுப் பூசினேன் பாரு, அப்படியே கப்புனு..."

அவள் கேட்கவில்லை. முற்றத்தைப் பார்த்தாள்.

சாய்ந்த வெயில். வாளிக்கு நீண்ட நிழல். கோழிக்கு நீண்ட நிழல். நடுவில் ஹானியா கயிறு தாண்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் கல் பளிச்சென்றிருந்தது.

ஒன்றுமே இல்லை.

உள்ளே ஓடினாள். ஈரப் பூச்சு. அதன்மேல் ஒரு சின்ன நிழல். இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, சுவரைத் தாங்கிக்கொண்டு.

வெளியே கயிறு தரையில் அடிக்கும் சத்தம், விடாமல்.

சுவருக்குள்ளிருந்து, மெதுவாக, சோர்ந்துபோன குரலில்:

"அம்மா, கை வலிக்குது."