ஊசற் பாட்டின் மிச்ச அடி

பெண்ணையாற்றின் மேல் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கு வானம் செங்காந்தள் நிறத்தில் கனன்று அடங்க, கிழக்கே நிலவு எழும்பியும் எழும்பாமலும் நிற்க, நீர்ப்பரப்பிலிருந்து கிளம்பிய மூடுபனி எறும்பை என்னும் கோட்டையின் மதிலடியை மெல்ல மெல்ல விழுங்கிற்று. மதிலை ஒட்டிய மேன்மாடத்தில், ஆற்றை நோக்கிய பெரிய சாளரத்தருகே, கோட்டைத் தலைவர் விடங்கப் பேரரையர் ஆசனத்தில் சாய்ந்திருந்தார். பின்னால் ஒருவன் நின்று வெண்சாமரம் வீசிக்கொண்டிருந்தான்.

அவனைச் சற்று உற்றுப் பாருங்கள், வாசகர்களே! கோட்டையில் அவனுக்குப் பெயரே கிடையாது. 'செவிடன்' என்றால் அவன்தான். பிறவியிலேயே காதும் பேச்சும் இல்லாதவன் என்பதால், எப்பேர்ப்பட்ட இரகசிய ஆலோசனையானாலும் அவன் ஒருவனை மட்டும் பேரரையர் வெளியே அனுப்புவதில்லை. அவருக்கும் சந்தேகம் இல்லாமல் இல்லை. அவன் முதுகுக்குப் பின்னால் முரசை அறைந்து பார்த்தார்கள், "இவன் தலையைச் சீவுங்கள்!" என்று காதருகே கத்திப் பார்த்தார்கள். ஆசாமி இமைகூடக் கொட்டவில்லை. அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம் என்கிறீர்களா? மருதநாட்டு ஒற்றன் நக்கன் சேந்தனுக்கு அது பதினொரு மாதம் பாடுபட்டு வந்த நெஞ்சழுத்தம்!

பட்ட பாட்டுக்குப் பலன் அன்று நண்பகலில்தான் கிடைத்திருந்தது. சமாதானம் பேச நாளைக் காலை ஆற்றைக் கடந்து வரும் மருதநாட்டு இளவரசரின் தெப்பத்தை நடு ஆற்றில் கவிழ்த்துவிடுவதென்று பேரரையர் தம் வாயாலேயே சொன்னதைச் சேந்தன் கேட்டுவிட்டான். விடிவதற்குள் அக்கரையிலுள்ள பாசறையை அடைந்து இளவரசரைத் தடுத்தாக வேண்டும். இந்தப் பாழாய்ப்போன பாட்டு முடிந்து தொலைந்தால் போதும்!

ஆம், சில வாரங்களாகப் பேரரையருக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்திருந்தது. நாட்டுக்கு ஒருத்தியாகப் பாடினிகள் வந்து போனார்கள். அன்று வந்தவளுக்கு இருபது வயதுகூட இராது. யாழை மடியில் சாய்த்துக்கொண்டு தொடங்கினாள்:

"ஆடு ஆடு பொன்னூசல்,
ஆலங்கொம்பில் அசைந்தாடு;
மேலே போனால் மேகத்தோடே..."

அங்கே குரல் ஒரு கணம் நின்றது. ஊசல் உச்சிக்குப் போய் நிற்குமே, அந்த ஒரு கணம்.

"கீழே வந்தால் என்னோடே!"

சேந்தனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அக்காள்! ஏரிக்கரை ஆலமரத்தில் அவனை உட்கார்த்தி வைத்து ஆட்டிய அக்காள் பாடிய பாட்டல்லவா இது! அம்மை கண்டு அவள் போனபின் வீட்டில் யாரும் அதைப் பாடவில்லை. அப்படியொரு பாட்டு இருந்ததே அவனுக்கு மறந்துவிட்டிருந்தது. இப்போதோ ஒவ்வோர் அடியும் பாடினியின் வாயில் வருமுன்பே அவன் நெஞ்சில் வந்து நின்றது. கேட்கக் கூடாத காது ஆசை தீரக் கேட்டது. ஐயோ, என்ன ஆனந்தம்! முகத்தை அவன் கல்லாகவே வைத்திருந்தான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கையை யார் பார்த்துக்கொள்வது?

பேரரையர் திரும்பவில்லை. பிடரியில் பட்ட சாமரக் காற்று பாட்டோடு ஏறுவதையும் இறங்குவதையும், 'மேகத்தோடே' என்ற இடம் வந்ததும் சட்டென்று நின்றுபோவதையும் கண்ணை மூடியபடி கவனித்துக்கொண்டிருந்தார். மறுமுறையும் அதே இடத்தில் காற்று நின்றது.

"முரசுக்கு அசையாத காது," என்றார் மெதுவாக. "ஆகையால்தான் நாட்டுக்கொரு பாடினியை அழைத்து, அவரவர் ஊரில் பிள்ளைகளுக்குப் பாடும் பாட்டைப் பாடச் சொன்னேன். இன்று மருதநாட்டின் முறை. என்னப்பா, பாட்டு நன்றாயிருக்கிறதா?"

சாமரம் சேந்தன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

பாடினியின் முகம் வெளுத்துப் போயிற்று. "அடப் பாவி! என் பாட்டை வைத்தா எங்கள் ஊர்க்காரரைப் பிடித்தாய்?" என்று அலறியவள், காவலர்கள் வாளை உருவுமுன் யாழைத் தூக்கி விளக்குத் தண்டின்மேல் வீசினாள். விளக்கு சாய்ந்து மாடம் இருண்டது. "குதியுங்கள், ஐயா!"

சேந்தன் சாளரத்தின் வழியே ஆற்றில் பாய்ந்தான். நீரிலிருந்து தலையைத் தூக்கியபோது, நீட்டிய தன் கையே அவனுக்குத் தெரியவில்லை, அத்தனை பனி. எது அக்கரை, எது இக்கரை? அவனைத் தேடி வந்த கோட்டைப் படகுகளின் துடுப்போசை நாலாபுறமும் கேட்டது. திசை தப்பினால் நேரே பகைவன் படித்துறைக்கே போய்ச் சேர வேண்டியதுதான்.

அப்போது சாளரத்திலிருந்து அதே பாட்டு உச்சக் குரலில் எழுந்தது.

"வாயை மூடடி!" என்று பேரரையர் உறுமினார்.

"பாடத்தானே அழைத்தீர்? பாடுகிறேன், கேளும்!"

சேந்தனுக்கு விளங்கிவிட்டது. குரல் வரும் இடம் கோட்டை; அதற்கு முதுகைக் காட்டி நீந்தினால் அக்கரை! கையை வீசி நீந்தினான். குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து வந்தது.

"மேலே போனால் மேகத்தோடே..."

குரல் நின்றது. நிற்க வேண்டிய இடந்தானே என்று அவன் நீந்தினான். ஒரு கணம் போயிற்று. பத்துக் கணம் போயிற்று. அடுத்த அடி வரவில்லை.

காலில் மணல் தட்டிற்று. சேந்தன் எழுந்து திரும்பிப் பார்த்தான். பனிக்கு மேலே நிலவொளியில் கோட்டை மதில் மட்டும் கறுப்பாய்த் தெரிந்தது. அவள் பெயரைக்கூட அவன் கேட்டிருக்கவில்லை. பதினொரு மாதம் பூட்டிக் கிடந்த வாய் திறந்தபோது குரல் கரகரத்தது.

"நங்காய்! நீ உயிரோடிருந்தால் அந்த மிச்ச அடியை உன் வாயாலேயே கேட்பேன். இல்லையேல், விடங்கனின் கோட்டையில் விளக்கேற்ற ஓர் ஆள் இருக்கமாட்டான். இது என் அக்காள்மேல் ஆணை!"

சேந்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இளவரசரின் பாசறையை நோக்கி ஓடினான்.