இரவல் கன்னம்

முகப்பதிவகத்துக்கு வருகிறவர்கள் முதலில் போக வேண்டியது குழாயடிக்கு. பவுடர், மஞ்சள், திருநீறு, குங்குமம் எல்லாவற்றையும் கழுவிவிட்டு உள்ளே வரவும் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். சொன்னால் கேட்கிற சனமா இது? கழுவின கையோடு கண்ணாடியைப் பார்ப்பார்கள், மனசு கேட்காது, கைப்பையைத் திறந்து லேசாக ஒரு பூச்சு பூசிக்கொண்டுதான் காமிராக் கூண்டுக்குள் நுழைவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை எடுக்கிற முகம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கட்டுமே என்பது அவர்கள் கட்சி. அந்தப் பளிச்சையெல்லாம் நீக்குவது நித்திலாவின் வேலை.

அவள் அங்கே தோல்வரைஞர். கூண்டுக்குள் இருக்கும் காமிராக்கள் தலையைச் சுற்றிப் படமெடுத்து, இமைக்கிற நேரத்தில் ஒரு 3டி மாடலை உருவாக்கிவிடும். ஆனால் அது வெறும் களிமண் தலை. அதற்குத் தோல் போர்த்துவதில்தான் இருக்கிறது வேலை. எடுத்த படங்களை, ஆரஞ்சுப் பழத்தை உரித்துத் தோலை மேசையில் பரப்புகிற மாதிரி, திரையில் தட்டையாக விரித்துக்கொள்ள வேண்டும். நிறம் ஓர் அடுக்கு, எண்ணெய் மினுக்கு ஓர் அடுக்கு, மயிர்க்கால்களின் நுண்துளைகள் ஓர் அடுக்கு என்று பிரித்துச் சரிசெய்து, மறுபடி தலையின்மேல் ஒட்ட வேண்டும். ஒட்டி முடித்ததற்கு முகப்படி என்று பெயர்.

கோயம்புத்தூரில் இப்போது பூட்டு விற்கிற கடை கிடையாது. கையெழுத்துப் போடுகிற வழக்கமும் போய்விட்டது. வீட்டுக் கதவு, பேருந்து, மருந்துக்கடை, வங்கி எல்லாம் வந்து நிற்கிறவரின் தோலை முகப்படியோடு ஒத்துப்பார்க்கும். ஒத்துப்போனால் பச்சை விளக்கு, பேர் சொல்லி ஒரு வணக்கம். ஒத்துப்போகாவிட்டால் சிவப்பு. அதற்குமேல் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இருந்ததில்லை.

பூச்சு இருக்கிற இடத்திலும் தாடிக்கு அடியிலும் வியர்வை பளபளக்கிற இடத்திலும் நுண்துளைகள் படத்தில் விழாது. விரித்த தோலில் அங்கங்கே ஓட்டையாக நிற்கும். விதிப்படி அந்த ஆளை மறுபடி வரவழைத்துப் படமெடுக்க வேண்டும். வரிசை குழாயடியைத் தாண்டி ரோடு வரைக்கும் நிற்கிறபோது அதெல்லாம் ஆகிற காரியமா? அதனால் வரைஞர்கள் தங்களுக்குள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். இன்னொருவர் தோலை வெட்டி ஒட்டினால் அது திருட்டு. தன் தோலை வெட்டி ஒட்டினால் கேட்பாரில்லை. சொந்தச் சரக்கு என்று அதற்குப் பேர்.

அந்தச் சரக்கில் நித்திலாவின் இடது கன்னத்துக்கு இருந்த மதிப்பு வேறு எதற்கும் இல்லை. பருத்தழும்பு கிடையாது, துளைகள் ஒரே சீராக இருக்கும், எந்த நிறம் ஏற்றினாலும் ஏறும். "நித்திலா, உன்ற கன்னத்தக் கொஞ்சம் குடு" என்று பக்கத்து மேசைக்காரர்களே கேட்டு வாங்கி ஒட்டுவார்கள். ஊரில் பாதிப் பேர் தன் கன்னத்தோடுதான் திரிகிறார்கள் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

போன வாரம் ஒரு சுற்றறிக்கை வந்தது. முகமூடி மாட்டி ஏமாற்றுகிறவர்கள் பெருகிவிட்டதால் கதவுகள் இனி முகத்தின் வடிவத்தைப் பார்க்காது, வெளிச்சம் நன்றாக விழுகிற ஏதாவதோர் இடத்தில் கட்டைவிரல் அகலத் தோலை எடுத்து நுண்துளைகளை மட்டும் ஒத்துப்பார்க்கும் என்று அதில் இருந்தது. வரைஞர்கள் எல்லோரும் படித்தார்கள். படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். நித்திலாவும் போனாள்.

இன்று மதியம் மகள் இயலுக்கு இருமல் மருந்து வாங்க அவள் மருந்துக்கடைக்குப் போனபோது, பச்சை எரிந்து கதவு சொன்னது: "வணக்கம், கோகிலவாணி."

நித்திலா பின்னால் திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வெளியே போய் மறுபடி வந்து நின்றாள். கதவு மறுபடியும் அதே மரியாதையோடு கோகிலவாணியை வரவேற்றது. யார் இந்த அம்மாள் என்று யோசித்தபடி பாதி தூரம் திரும்பி நடந்த பிறகுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. சித்திரையில் கன்னம் நிறைய மஞ்சளோடு வந்து, தேய்த்தும் போகாமல், சங்கடமாகச் சிரித்தபடி கூண்டில் உட்கார்ந்த பெண். கன்னம் முழுக்க ஒட்டுப் போட வேண்டியிருந்தது.

மேலாளர் தங்கமுத்து நல்ல மனுசன்தான், ஆனால் எதையும் ஆறப்போட்டால் ஆறிவிடும் என்று நம்புகிறவர். அவள் சொன்னதைக் கேட்டதும் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார்.

"சத்தமாப் பேசாத அம்மிணி. உன்ற முகப்படி எப்ப எடுத்தது?"

"பழசு காலாவதி ஆகிப்போச்சுங்ணா. புதுசா எடுத்தது போன மாசம்."

"ஊருக்கெல்லாம் முகம் ஒட்டற, உன்ற முகத்தப் பாக்க உனக்கு நேரமில்ல." அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஒரே தோல் ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல நின்னா சர்வர் தேதியப் பாக்கும். முந்தினது அசல், பிந்தினது போலி. அப்படிப் பாத்தா நீ ஒட்டுன அத்தன பேரும் அசல். நீ போலி."

"நம்ம ஒட்டினதுன்னு ஒப்புதல் குடுத்துறலாமுங்ணா."

"குடுத்தா என்னாகும்? உன்ற கன்னம் இருக்கற முகம் அத்தனையும் அந்த நிமிசமே முடங்கிரும். மறுபடி படம் எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் வீட்டுக்குள்ள போக முடியாது. உள்ள இருக்கறவங்க வெளிய வர முடியாது. எவன் லிப்ட்ல நிக்கறானோ, எவ அடுப்புல பால வெச்சுட்டு வெளிய வந்தாளோ. வேண்டாம். சத்தமில்லாம ஒவ்வொருத்தராக் கூப்பிட்டு மாத்திக்கலாம். அது வரைக்கும் வாயத் தொறக்காத."

அவள் தலையாட்டினாள். உண்மையைச் சொன்னால், வாயைத் திறக்காதே என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்றுதான் வழியெல்லாம் ஏங்கிக்கொண்டு வந்திருந்தாள். வேலை போய்விடும் என்ற பயம் ஒருபக்கம், அத்தனை கதவுகளும் தன்னால் மூடிக்கொள்ளும் என்ற பயம் ஒருபக்கம். மேசைக்கு வந்து, விரித்து வைத்திருந்த ஒரு தோலின் முன்னால் கை ஓடாமல் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது பள்ளியிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தது. "இயல் தாயாருடன் புறப்பட்டுவிட்டாள்."

நித்திலா அதை ஒருமுறை படித்தாள். மறுமுறை படிப்பதற்குள் திரை சிவந்து பூட்டிக்கொண்டது. போலி முகம் என்றது அவளுடைய கைபேசியே. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்தாள். முனையில் நின்ற பேருந்து அவளைப் பார்த்துச் சிவப்புக் காட்டிக் கதவை மூடியது. பள்ளி அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. ஓடினாள். இயலின் அப்பா பிரிந்துபோய் வேறு ஊரில் வேறு குடும்பமாக இருக்கிறார். பள்ளியில் அந்தக் குழந்தைக்கு உரியதாகப் பதிந்திருந்த முகம் ஒன்றே ஒன்று. அந்த முகம் இப்போது யாரோடெல்லாம் நடமாடுகிறது என்பது அவளுக்கே தெரியாது. என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது.

குழந்தை பள்ளி வாசலிலேயே நின்றிருந்தாள். பக்கத்தில் கோகிலவாணி, ஒரு கையில் ஒரு பையன், இன்னொரு கையில் இயல், என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தாள். மூடிய வாசல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் சுகன்யா மிஸ் நின்றாள்.

"நான் என்ற தங்கச்சி பையனக் கூப்பிட வந்தனுங்க" என்று கோகிலவாணி, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தாள். "கதவு என்னையப் பாத்து இந்தப் பாப்பாவையும் சேத்து வெளிய விட்டுருச்சுங்க. திருப்பி உள்ள உடலாம்னா தொறக்க மாட்டேங்குது. அம்மாவோட போன புள்ளைய உள்ள எடுக்காதாம். இந்த மிஸ்ஸும் கையப் பெசயறாங்க. பாப்பா, உங்கம்மா வந்துட்டாங்க பாரு."

"அம்மா" என்று இயல் சிரித்துக்கொண்டே ஓரடி எடுத்து வைத்தாள்.

வாசல் தூணிலிருந்த காமிராக் கண் நித்திலாவின் பக்கம் திரும்பியது. சிவப்பு எரிந்தது. "போலி முகம். குழந்தைகள் விலகி நிற்கவும். காவல் வண்டி வந்துகொண்டிருக்கிறது."

இயல் நின்றாள். சிரிப்பு அப்படியே முகத்தில் இருக்க, கண் மட்டும் மாறியது. பின்னால் நகர்ந்து கோகிலவாணியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"கண்ணு, அம்மாடா. இங்க வா."

"செவப்பு எரியுது."

"அது தப்பா எரியுதுடா. அம்மாவப் பாரு. காலைல உனக்கு நான்தான தலை பின்னி உட்டேன்? ராகித் தோசை வேண்டாம்னு அழுதியே?"

இயல் சேலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். யாரோ எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்கிற குரலில், "போலி அம்மாவுக்கும் எல்லாந் தெரியும்" என்றாள். "அம்மா மாதிரியே பேசும். அழுவும். செவப்பு எரிஞ்சா கிட்டப் போகக்கூடாது."

திங்கட்கிழமைதோறும் பள்ளியில் சொல்லித்தருகிற பாடம் அது. ஊரில் முகமூடி போட்டுப் பிள்ளை பிடிக்கிறவர்கள் நடமாடிய காலத்தில் வந்தது. நித்திலாவும் அதை வீட்டில் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். சிவப்பு வளையல் மாட்டிக்கொண்டு கொஞ்சிக் கொஞ்சிக் கூப்பிடுவாள், குழந்தை வராமல் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்தால் சாக்லேட். மகள் நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருந்தாள்.

"மிஸ், உங்களுக்கு என்னையத் தெரியுமில்ல?" நித்திலா கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

சுகன்யா மிஸ்ஸின் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியுதுங்க அக்கா. நான் சொன்னா எடுபடாதுங்க. கண்ணால பாத்து யாரையும் அனுப்பக்கூடாதுன்னு எங்ககிட்ட எழுதி வாங்கிருக்காங்க." சொல்லிவிட்டு அவள் ஒருகணம் நித்திலாவை உற்றுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் ஒரு சந்தேகம் வந்து போனது. இன்னும் கொஞ்சநேரம் இங்கே நின்றால் தனக்கே சந்தேகம் வந்துவிடும் என்று நித்திலா நினைத்தாள்.

"நான் வேணா பாப்பாவைக் கூட்டிட்டு வந்து உங்க வீட்ல உடட்டுமுங்களா?" என்றாள் கோகிலவாணி. "சீக்கிரம் போகோணும், அதான். வீட்ல எங்கப்பா படுத்த படுக்கைங்க. தனியா இருக்காரு."

எந்த வீட்டில் விடுவது? அந்த வீட்டுக் கதவு இனி நித்திலாவுக்குத் திறக்காது, இந்த அம்மாளுக்குத்தான் திறக்கும். காவல் வண்டி வந்தால் போலியை ஏற்றிக்கொண்டு போகும். பிள்ளை அசலோடு போகும். எழுத்தில் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஒட்டைச் சொல்லாமல் தான் யாரென்று நிரூபிக்க நித்திலாவுக்கு வழியே இல்லை.

"மிஸ், உங்க போனக் குடுங்க."

மிஸ் தன் முகத்தைக் காட்டித் திறந்து கம்பி வழியாகக் கொடுத்த கைபேசியில் தங்கமுத்துவைப் பிடித்தாள்.

"ஒப்புதல் போட்ருங்ணா. இப்பவே."

"அம்மிணி, எத்தன பேருன்னு யோசிச்சியா?"

கோகிலவாணி இயலின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண். அவளுடைய அப்பா படுத்துக்கிடக்கிற வீட்டின் கதவு எங்கோ இதே ஊரில் இருக்கிறது. நித்திலாவுக்கு அது தெரிந்தது. தெரிந்துகொண்டேதான் சொன்னாள்.

"என்ற புள்ளைய வேறொருத்தி கையில குடுத்துட்டாங்ணா. போடுங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. பிறகு விசைகள் தட்டப்படும் ஓசை.

முதலில் எதிர்ச்சாரிப் பேக்கரியின் கதவு மூடியது. உள்ளே மாட்டிக்கொண்ட ஒருவர் கண்ணாடியைத் தட்டினார். ரோட்டில் ஒரு கார் போகிற போக்கில் நின்றது, பின்னால் ஹாரன்கள் கத்தத் தொடங்கின. மாடி ஒன்றிலிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தன் கன்னம் எங்கெல்லாம் இருக்கிறது என்பதை நித்திலா முதன்முதலாகப் பார்த்தாள்.

தூணின் கண் கோகிலவாணியின் பக்கம் திரும்பியது. அவள் மேலும் சிவப்பு விழுந்தது.

"ஏனுங்க, எனக்கு எதுக்குச் செவப்பு எரியுது?" கோகிலவாணி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அப்ப எங்க வீட்டுக் கதவு? எங்கப்பா உள்ள இருக்காருங்க."

நித்திலாவால் அவளைப் பார்க்க முடியவில்லை. மகளின் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினாள். இனி இந்தப் பிள்ளைக்கு வேறு யாரும் அசல் இல்லை, வருவாள், வந்துவிடுவாள் என்று நினைத்தாள்.

இயல் நிமிர்ந்து தான் பிடித்திருந்த சேலைக்காரியைப் பார்த்தாள். சிவப்பு. மண்டியிட்டிருந்தவளைப் பார்த்தாள். அங்கேயும் சிவப்பு. சேலையை மெதுவாக விட்டாள். யார் கையும் எட்டாத தூரத்துக்கு நகர்ந்து, இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, தூணின் கண்ணை அண்ணாந்து பார்த்தாள்.

"பொறுப்பாளர் இல்லாத குழந்தை" என்றது வாசல். அவள் உயரத்துக்குப் பச்சை எரிந்தது. "வணக்கம், இயல். உள்ளே வரலாம்."

குழந்தையின் முகம் தெளிந்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். வாசல் அவள் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, அவள் பின்னால் மூடிக்கொண்டது.