க்ரீவ்ஸ் கோப்பின் மூன்றாவது மூச்சு

அறையில் இருந்தவர்கள் இரண்டு பேர் என்று ஒலிநாடாவோடு வந்த குறிப்புத் தாளில் எழுதியிருந்தது. வெர்னா டாலிவர் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள். மூன்று பேர் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று செனட்டருடையது. வருஷக்கணக்கில் சுருட்டுப் பிடித்தவனின் கனத்த இழுப்பு. இன்னொன்று நிலக்கரிக் கம்பெனியின் ஆளுடையது. அவன் பேச்சுக்கு நடுவே கண்ணாடிக் குவளையில் பனிக்கட்டி உருளும் சத்தமும் கேட்டது. மூன்றாவது ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஈரத் துணியை யாரோ மெல்ல முறுக்குவதைப் போல, உள்ளே இழுக்கும்போது மட்டும் சத்தம் எழுப்பும் மூச்சு அது.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தாள். மேரிலாந்தில் அந்த அரசு ஆவணக் காப்பகத்தில் இருபத்தொன்பது வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. பழைய கோப்புகள் பொதுமக்கள் பார்வைக்குப் போகும் முன் ஒவ்வொன்றையும் படித்து, கேட்டு, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று முத்திரை குத்துவது. எந்தச் செனட்டர் யார் காதில் என்ன சொன்னார், எந்த மசோதா எந்த ஓட்டல் அறையில் செத்தது என்பதெல்லாம் அவள் மேசையைத் தாண்டித்தான் போகும். முதல் ஐந்தாறு வருஷம் ரத்தம் கொதித்தது. பிறகு அதுவும் அடங்கிப்போனது. இப்போதெல்லாம் எல்லாக் குரலும் ஒரே ஆள் பேசுவதுபோலத்தான் அவளுக்குக் கேட்டது.

இந்த ஒலிநாடா 1961-ஆம் வருஷத்தியது. மேற்கு வர்ஜீனியாவில் பிட்டர் க்ரீக் சுரங்கம் வெடித்து, உள்ளே இருபத்திரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள். எல்லோரும் வெடிப்பிலேயே செத்துவிட்டார்கள் என்று சொல்லி, தீயை அணைக்க மூன்றாம் நாள் சுரங்க வாயைக் காங்கிரீட் போட்டு அடைத்தது கம்பெனி. அடுத்த மாதமே, சுரங்கப் பாதுகாப்பு மசோதா செனட் குழுவிலேயே கிடந்து செத்தது. குழுவின் தலைவர் செனட்டர் ஆல்டன் க்ரீவ்ஸ். அவர்மேல் சந்தேகப்பட்ட விசாரணைத் துறை ஒன்று, வாஷிங்டனில் அவர் தங்கியிருந்த ஓட்டல் அறையில் ஒலிவாங்கியை ஒளித்து வைத்திருந்தது. நாளைக் காலைக்குள் வெர்னா முடிவு சொல்லியாக வேண்டும்.

காலையில் ஒலீட்டா ஹோபாக் போன் செய்திருந்தாள். பிட்டர் க்ரீக் பக்கத்துக் கிழவி. மாதம் தவறாமல் கூப்பிடுவாள்.

"என்ன கண்ணு, உன் டப்பாவைத் தெறந்தியா இல்லையா?"

"இன்னும் முடிவாகலைங்க, ஹோபாக் அம்மா."

"எனக்குப் பணம் காசு எதுவும் வேணாம். கேஸு போடப் போறதுமில்ல. எங்கப்பா வெடிச்சப்பவே போயிட்டாரா, இல்ல உள்ள உசுரோட கெடந்தாரா? அதை மட்டும் சொல்லு. அப்ப எனக்கு ஒம்பது வயசு. எங்கம்மா கடைசி வரைக்கும் அதையே கேட்டுக்கிட்டு செத்தா."

"நான் போன்ல சொல்லக் கூடாதுங்க."

"நீயும் சொல்ல மாட்டே. உனக்கு முன்னாடி இருந்தவனும் சொல்லல. நல்லாப் பூட்டி வைங்க, பத்திரமா இருக்கும்."

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி கார்ட்ரைட் காப்பிக் கோப்பையோடு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

"வெர்னா, அந்த க்ரீவ்ஸ் டேப்பு. குடும்ப அந்தரங்கம்னு போட்டுடு. இன்னும் இருபத்தஞ்சு வருஷம் தூங்கட்டும்."

"அதுல அந்தரங்கம் எதுவும் இல்லை சார். ஆளுங்க உசுரோட இருந்தது அவருக்குத் தெரிஞ்சிருக்கு."

"அவர் பொண்ணு இப்ப செனட்டர். நம்ம துறையே அவங்க கையில இருக்கு. உனக்கு ஓய்வு எப்போ, மார்ச்சா? மூணு வாரத்துக்கு எதுக்கும்மா தலைவலி?"

அவர் மிரட்டவில்லை. அவரும் களைத்துத்தான் இருந்தார்.

மதியத்துக்குள் பனிப்பொழிவு பிடித்துக்கொண்டது. ஒரு மணிக்கே அலுவலகத்தை மூடச் சொல்லிவிட்டார்கள். வாகன நிறுத்தத்தில் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிப் போகும் சத்தம் சுவர் வழியே மங்கலாகக் கேட்டு, பிறகு அதுவும் ஓய்ந்தது. வெர்னா மட்டும் இருந்தாள். முத்திரை குத்துவதற்கு முன் கடைசியாக ஒருதரம் முழுசாகக் கேட்டுவிடுவது அவள் பழக்கம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"உள்ள இருந்து குழாயில தட்டுறானுங்களாம்," என்றான் கம்பெனி ஆள். "மேல வரைக்கும் கேக்குது."

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"நாலு பேர். நாலு பேருமே நம்ம ஆளுங்க."

பனிக்கட்டி உருண்டது.

"அப்ப மூடிடுங்க," என்றார் செனட்டர். "மசோதாவை நான் பாத்துக்கறேன்."

பேச்சை எழுதி வைத்த தாளும் இந்த இடத்தில் முடிந்துவிடும். இந்த வாரம் மூன்று தரம் கேட்டபோதும் நாடா இங்கேதான் முடிந்தது. அவள் கை நிறுத்தும் பொத்தானை நோக்கிப் போனது. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

"ஜன்னல் தெறந்திருக்கா என்ன? இப்படிக் குளிருது."

"மூடித்தான் இருக்கு, செனட்டர்."

"கம்பளத்தைப் பாருய்யா. யாரு இப்படிக் கரிக்காலோட நடந்தது?"

மூன்றாவது மூச்சு ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் பக்கத்தில். கடைசியில் அது அறையின் சத்தமாக இல்லாமல் அவள் காது மடலிலேயே ஈரமாக உரசியது.

ஹெட்போனைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தாள்.

ஒலிப்பிரிவில் பழைய நாடாக்களைச் சுத்தம் செய்யும் டெல்பர்ட்டைக் கைபேசியில் பிடித்தாள். அவன் காரில், பனியில் ஊர்ந்துகொண்டிருந்தான்.

"டெல்பர்ட், அந்த க்ரீவ்ஸ் நாடாவோட கடைசியில ஏதாவது சேத்தியா?"

"நான் எங்க சேக்குறது? 'மசோதாவை நான் பாத்துக்கறேன்', அதோட அந்துபோச்சு. ரெண்டே பேர்தான்."

"மூணாவதா ஒருத்தர் மூச்சு விடுறார்."

"வீட்டுக்குப் போ வெர்னா. உன் மூச்சுதான் உனக்கே கேக்குது." சிரித்தான். பிறகு கேட்டான்: "ஆமா, அங்க என்ன சத்தம்? யாராவது குழாய் ரிப்பேர் பாக்குறாங்களா?"

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது.

தரைக்கடியில் எங்கோ, இரும்பில் இரும்பு படும் சத்தம். ஐந்து தட்டு. ஓர் இடைவெளி. மறுபடி ஐந்து. வெந்நீர்க் குழாய் குளிருக்குச் சுருங்கினால் இப்படிச் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தொன்பது வருஷக் குளிரில் அது ஒருநாளும் எண்ணித் தட்டியதில்லை. டெல்பர்ட்டின் குரல் விட்டுவிட்டு வந்து அறுந்தது. அறையில் நனைந்த கரியின் வாடையும், வெகுநாள் அடைத்துக்கிடந்த இடத்தின் புளித்த காற்றும் கலந்து வந்தன. மூச்சை இழுத்தால் பாதிதான் உள்ளே போனது.

ஐந்து தட்டு. இடைவெளி.

இப்போது சுவரில்.

ஐந்து தட்டு.

மேசையின் இரும்புக் காலில். உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது.

என்ன கேட்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. கோப்பு முன்னால் திறந்து கிடந்தது. 'வெளியிடலாம்' என்றொரு முத்திரை, 'நிறுத்தி வைக்கவும்' என்றொரு முத்திரை, இரண்டும் அருகருகே இருந்தன. முதல் முத்திரையைக் குத்தினால் நாளை கார்ட்ரைட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகு அவருக்கு மேலே இருப்பவருக்கு, பிறகு பத்திரிகைக்காரர்களுக்கு. ஒவ்வொரு பெயராக அவள் கண்முன் வந்தது. ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டிய வார்த்தைகளை நினைத்ததுமே உடம்பு கனத்தது. கெட்ட எண்ணம் அவளுக்கு இல்லை. அசதிதான். எலும்புக்குள் இறங்கிவிட்ட அசதி.

'நிறுத்தி வைக்கவும்.'

மை காகிதத்தில் பதிந்ததும் தட்டும் சத்தம் சட்டென்று நின்றது.

அவ்வளவு அமைதியை அவள் அந்தக் கட்டடத்தில் கேட்டதில்லை. காற்றோட்ட மின்விசிறிகூட ஓடவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டாள். முடிந்தது, முடிந்தது என்று முணுமுணுத்தபடி கதவைத் திறந்தாள். வெளியே போக வாசகர் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கூடம் காலியாக இல்லை.

நீள மேசைகளில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கோப்புக்குக் காத்திருக்கும் வாசகர்களைப்போல, முதுகு நிமிர்த்தி, சுரங்கத் தொப்பியைத் தலையிலேயே வைத்துக்கொண்டு, கைகளை மேசைமேல் பரப்பி. நகங்கள் இல்லாத கைகள். விரல் நுனிகள் கல்லில் தேய்ந்து தட்டையாகிப் போயிருந்தன. ஒவ்வொருவன் முன்னாலும் கோப்பு கேட்டு நிரப்பிக் கொடுக்கும் வெள்ளைச் சீட்டு ஒன்று, கரி விரல்பதிவோடு இருந்தது. எண்ணாமலே எண்ணிக்கை அவளுக்குத் தெரிந்தது.

யாரும் எழவில்லை. யாரும் அவளைத் தொட வரவில்லை. காத்திருந்தார்கள்.

கூடத்தின் கடைசி வரிசை விளக்கு அணைந்தது.

அந்த விளக்குகள் ஆள் அசைவதைப் பார்த்து எரிபவை. அசைவில்லாத இடத்தில் தானாக அணைந்துவிடும். அடுத்த வரிசை அணைந்தது. அதற்கடுத்தது. இருட்டு ஒவ்வொரு மேசையாக அவளை நோக்கி வந்தது.

கையைத் தூக்கி ஆட்டினாள். விளக்குகள் எரிந்தன. அவர்கள் அப்படியே இருந்தார்கள். கண் இமைக்கவில்லை. வெளிவாசலுக்கு நடுப்பாதை ஒன்றுதான், இருபுறமும் அவர்கள் தோள்கள். ஒரு காலை எடுத்து வைக்கப் பார்த்தாள். கால் வரவில்லை. பின்னால் அறைக் கதவு தானாக மூடிக்கொண்டு பூட்டு விழுந்தது.

கையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். யாராவது வருவார்கள். காவலாளி சுற்றி வருவான். பனி விட்டால் வருவான்.

தோள் எரிந்தது. மற்றக் கைக்கு மாற்றினாள். அதுவும் எரிந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கை மார்பு உயரத்துக்கு வந்தது. பிறகு இடுப்புக்கு.

தாங்கவில்லை.

கை தொங்கியது.

கடைசி வரிசை அணைந்தது. நடு வரிசை. முன் வரிசை. அவள் தலைக்கு மேலிருந்த விளக்கு.

இருட்டில், தொப்பிமேல் ஒரு சின்ன மஞ்சள் விளக்கு எரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒன்று விடாமல் எரிந்த பிறகு, எல்லாம் ஒருசேர மெல்லத் திரும்பி அவள் முகத்தின்மேல் நின்றன.