ஆறப்போட்ட கண்ணாடி

புதுத்துறையில் காலையில் டீ குடிக்க வேண்டுமென்றால் முதலில் மணிக்கட்டை நீட்ட வேண்டும். அங்கே கட்டியிருக்கும், மனக்கொதிப்பை அளக்கும் தணிப்பட்டை பச்சையாக எரிந்தால்தான் டீ வரும். மஞ்சள் என்றால் வெறும் தண்ணீர். சிவப்பு என்றால் கடைக்காரர் ஒரு கும்பிடு போட்டு, "ஆற்றகம் அந்தப் பக்கம்" என்று கை காட்டிவிடுவார். பாவம், அவர் என்ன செய்வார்? சிவந்த கைக்கு டீ ஊற்றினால் கடைக்குப் பூட்டு விழும்.

கடல் ஏறி வந்து கரையை விழுங்கிய பிறகு, கண்ணாடிக் கூரைக்கு அடியில் கட்டிய ஊர் அது. எவனாவது கோபத்தில் சுத்தியலைத் தூக்கினால் ஊரே மூழ்கிவிடும் என்று ஒரு காலத்தில் பயந்தார்கள். அந்தப் பயத்தில் பிறந்ததுதான் ஆற்றகம். கோபமோ துக்கமோ முட்டியவர்களை அங்கே படுக்கவைத்து, நரம்புக்கு மருந்தும் காதுக்கு முனகல் இசையுமாக மெல்ல மெல்ல ஆறப்போடுவார்கள். ஊர் மன்றத்தில் புகார் சொல்லவும் பட்டை பச்சையாக இருக்க வேண்டும். ஆறிவிட்டு வந்து சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆனால் ஆறியவர் ஒருவர்கூட இதுவரை வந்து புகார் சொன்னதில்லை.

கூரையின் கண்ணாடிப் பலகை ஒன்று உடைந்து விழுந்து அண்ணன் சகாயம் செத்த பிறகுதான் அமலிக்கு இது உறைத்தது.

அவள் கண்ணாடி ஆலையில் பொறியாளர். நடந்தது அவளுக்கு அக்குவேறு ஆணிவேறாகத் தெரியும். கூரைக்கு வைக்க வேண்டியது சட்டெனக் குளிரவைத்த கண்ணாடி. உலையிலிருந்து வந்த சூட்டோடு அதன்மேல் குளிர்காற்றைப் பீய்ச்சுவார்கள். வெளித்தோல் உடனே இறுகிவிடும். உள்ளே சூடு மிச்சமிருக்கும். பிறகு உள்பக்கம் ஆறிச் சுருங்கும்போது தோலைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பில் தோல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால் சின்னக் கீறல் விழுந்தாலும் வாய் பிளக்காது. நடுவில் சுத்தியலால் அடித்தாலும் தாங்கும். விளிம்பில் சுருக்கென்று ஒரு தட்டுத் தட்டினால் மட்டும் மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். அதை அளவுக்கு அறுக்கவும் முடியாது. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லாவிட்டால் இல்லை.

மெதுவாக ஆறப்போட்ட கண்ணாடி அப்படியில்லை, நல்ல பிள்ளை. சொன்ன அளவுக்கு அறுபடும். உடைந்தால் அரிவாள் அரிவாளாக விழும், அவ்வளவுதான். மேலே நின்றபடியே அறுத்து வைத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நிர்வாகம் நல்ல பிள்ளையைக் கூரைக்கு ஏற்றியது. வேண்டாம் என்று அமலி சொன்னாள். யார் கேட்டார்கள்? புயலில் ஒரு பலகை உடைந்தபோது சகாயம் கீழே நின்றுகொண்டிருந்தான்.

மன்றம் கூடும் நாள் காலையில் சகாயத்தின் மனைவி பிலோமி வந்தாள். ஆற்றகத்திலிருந்து திரும்பியவள். கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது முகம்.

"ஏளா, நீயும் ஒரு நடை போயிட்டு வந்துரு. வலிக்காது. எனக்கு எல்லாம் ஆறிட்டு."

"அண்ணன நெனச்சா உங்களுக்கு என்ன தோணுது மைனி?"

பிலோமி யோசித்தாள். "நல்ல மனுஷன்னு தோணுது."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அமலிக்கு வயிறு பற்றி எரிந்தது. சகாயம் என்ன, அடுத்த தெருக்காரனா? "நான் போகமாட்டேன் மைனி. என்னையும் அவங்க அளவுக்கு அறுத்து வச்சிருவாவ. கொதிக்கக் கொதிக்கத்தான் சொல்லுவேன்."

"பட்டை செவந்து கெடக்கே. வாசல்லயே மறிச்சிருவாவளே."

"பாக்கலாம்."

அவள் நேராக மீன் ஏலக்கூடத்துக்குப் போனாள். ஐஸ் பெட்டியில், சீலா மீன்களுக்கு நடுவே, இரண்டு கைகளையும் முழங்கை வரை புதைத்தாள். முகத்தையும் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏ தாயி, மீன் வாங்க வந்தியா, மீனாவே ஆக வந்தியா?" என்று மீன்காரி கூவினாள்.

பட்டை தோலின் சூட்டைத்தானே பார்க்கிறது? தோல் விறைத்தது. உள்ளே கொதி இம்மியும் குறையவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பட்டை பச்சையாக எரிந்தது. வாசல் காவலர் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

மன்றத் தலைவர் இன்னாசிராயன் தேனொழுகப் பேசுகிறவர். அமலி புகாரைச் சொல்லி முடித்ததும் ஆரம்பித்தார்.

"உங்க அண்ணன் பாதுகாப்புக் கயிறு கட்டலையாமே?"

"அவர் தரையில நின்னாரு. தரையில நிக்கவருக்கு எதுக்குக் கயிறு?"

"குடிச்சிருந்ததாச் சொல்றாங்க."

"கண்ணாடி குடிச்சிருந்துச்சா?"

கூட்டத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். பட்டை பச்சையாகவே இருந்தது. தலைவர் புன்னகையை மாற்றவில்லை. "நிர்வாகம் தெரிந்தே வைத்ததுன்னு சொல்றீங்க. அந்த 'தெரிந்தே'ங்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துடுங்கம்மா. மிச்சத்தை இப்பவே ஏத்துக்கிறோம்."

"எடுக்க மாட்டேன். ஏத்துக்கிட்டா முழுசா ஏத்துக்கிடுங்க."

"சரி, விடுங்க. கடைசியா ஒண்ணு." அவர் குரலைத் தாழ்த்தினார். "அண்ணன் வீட்டில உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"

படுபாவி! விளிம்பைத் தேடிப் பிடித்துத் தட்டிவிட்டார். அமலி வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு கேவல்தான் வந்தது. நின்ற இடத்திலேயே உடைந்து உட்கார்ந்துவிட்டாள். பட்டை ரத்தச் சிவப்பாக எரிந்தது.

"புகார் தள்ளுபடி. அம்மாவை ஆற்றகத்துக்குக் கூட்டிப் போங்க," என்றார் தலைவர். காவலர்கள் அவள் தோளைப் பிடித்தார்கள்.

அப்போது கூட்டத்தில் உட்கார்ந்திருந்த பிலோமி எழுந்தாள். மணிக்கட்டை உயர்த்திக் காட்டினாள். "என் கை பச்சை. நான் பேசலாம்லா?"

தலைவருக்கு நிம்மதி. ஆறினவள் என்ன சொல்லிவிடப்போகிறாள்? "தாராளமா."

"அமலி சொன்னது அத்தனையும் நான் சொல்லுததா எழுதிக்கிடுங்க. தெரிந்தேங்கிறதையும் சேத்து."

தலைவர் முதல்முறையாகத் தடுமாறினார். "அம்மா, நீங்க ஆறினவங்க. உங்களுக்குத்தான் யார்மேலயும் கோபம் இல்லையே?"

"இல்ல," என்றாள் பிலோமி. ஏற்றமும் இறக்கமும் இல்லாத குரல். "அதுதான் ரெண்டாவது புகார். எம்புருஷனக் கொன்னவங்க முன்னால நிக்கேன். வயித்துல ஒண்ணும் எரியல. எரியணும்னு தெரியுது, எரிய மாட்டேங்குது. அது என் கோவம். நான் அழுதுகிட்டுக் கெடக்கையில நீங்களா எடுத்துக்கிட்டீய."

தலைவர் அவள் பட்டையையே பார்த்தார். ஆடாமல் அசையாமல் பச்சையாக எரிந்தது. பச்சைக் கையைப் பேசவிடாமல் தடுக்கப் புதுத்துறையில் எந்த விதியும் எழுதப்பட்டிருக்கவில்லை. தோளைப் பிடித்த கைகளை உதறிவிட்டு அமலி மைனியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எப்பத் திருப்பித் தருவீய?" என்று கேட்டாள் பிலோமி.