நகல் எடுத்த கை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மருந்துக்கடையம்மா படியேறி வந்தபோது, ஸ்டூடியோக்காரருக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். ஊர்க் கம்ப்யூட்டர் சங்கத்தில் அந்த அம்மாவைப் போலத் தானும் உறுப்பினர்தானே, ஏதோ தன்னிடம் யோசனை கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்க சகலையைக் கொஞ்சம் கூட்டிட்டு வர முடியுமா?" என்றார் அந்த அம்மா.

ஸ்டூடியோக்காரருக்கு வயிறு எரிந்தது. வீட்டில்தான் மனைவி எதற்கெடுத்தாலும் "அத்தானைக் கேளுங்க" என்பாள் என்றால், கடைக்கு வருகிறவர்களுமா? சகலை இன்சூரன்ஸ் சர்வேயர். தீப்பிடித்த கிடங்கைப் பார்த்து, தீ தானாகப் பிடித்ததா, வைத்ததா என்று சொல்பவர். போன வருடம் அதற்காக மேடையில் மாலை போட்டுப் பாராட்டினார்கள். விழாவைப் படமெடுத்தவர் ஸ்டூடியோக்காரர். மேடைப் படங்கள் மட்டும் கேமரா கார்டில் கெட்டுப்போனதாகச் சொல்லிவிட்டார். அதே விழாவில் எடுத்த தன் மனைவியின் படம் கடைக் கண்ணாடியில் அழகாகத் தொங்கியது. மேடைப் படங்கள் கெடவே இல்லை என்பது அவருக்கும் மேசையின் இரண்டாவது இழுப்பறைக்கும் மட்டும் தெரியும்.

என்ன செய்வது, போன் போட்டார்.

நூலக மாடியில் இருந்த சங்க அறைக்கு மூவரும் போனார்கள். சுவரில், செயலாளர் தன் கைப்பட எழுதி ஒட்டிய முதல் விதி: "நகல் எடுக்காமல் எதிலும் கை வைக்காதே." அதன் கீழே எட்டு கம்ப்யூட்டர்கள், ஒரு அலமாரி. அலமாரியில் வரிசையாகப் பென் டிரைவ்கள். ஒவ்வொன்றிலும் தேதியும் பெயரும் எழுதிய சீட்டு.

"என் வீட்டுக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆச்சு, சார். இனிமே பேச முடியாது" என்றார் மருந்துக்கடையம்மா. "அதுக்கு முன்னாடியே முந்நூறு மருந்துக்கும் எப்படிச் சாப்பிடணும்னு அவர் குரல்லயே பதிவு பண்ணினேன். பட்டனை அமுக்கினா அவர் சொல்ற மாதிரியே சொல்லும். திங்கட்கிழமை அவர் மறுபடி கவுன்டர்ல நிக்கணும். கடைக்குக் கம்ப்யூட்டர் அன்னைக்குத்தான் வருது, அதுவரைக்கும் எல்லாம் இங்கேதான் வெச்சிருந்தேன். நேத்து இந்தக் கம்ப்யூட்டர்லயும் அழிச்சு, அலமாரியில இருந்த என் நகலையும் அழிச்சிருக்காங்க. நாளைக்குச் சங்கக் கண்காட்சியில இதைக் காட்டறதா இருந்தேன், அது போனாப் போகட்டும். அந்தக் குரலுக்கு நான் எங்கே போவேன்?"

சர்வேயர் அவசரப்படாமல் கேட்டார். "சாவி யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட, செயலாளர்கிட்ட, நம்ம சங்கத்து டாக்ஸிக்காரர்கிட்ட. நேத்து மத்தியானம் நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்."

"டாக்ஸிக்காரன்தான்!" என்று ஸ்டூடியோக்காரர் துள்ளினார். "கண்காட்சியில அவன் செஞ்ச கம்ப்யூட்டர் விளையாட்டை ஜன்னலோரம் தள்ளிட்டு, இவங்களுக்குப் பெரிய மேசைன்னு ஓட்டுப் போட்டு முடிவு பண்ணினோம். மூணு நாளா உர்ருன்னு இருக்கான். நேத்து மூணரை மணிக்கு அவன் வண்டி கீழே நின்னதை நானே பார்த்தேன்." சகலைக்கு முன்னால் ஒரு வழக்கைத் தானே முடித்துவிட்ட பூரிப்பு அவர் முகத்தில் தெரிந்தது.

சர்வேயர் திரையின் முன் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் தானாகக் குறித்துவைத்திருக்கும் நேரங்களை மட்டும் காட்டச் சொன்னார். மூன்று மணிக்கு யாரோ ஒரு புதுப் பென் டிரைவைச் சொருகியிருந்தார்கள். மூன்று முப்பத்தைந்துக்குக் குரல் பதிவுகள் அழிந்திருந்தன.

"எல்லாரையும் மத்தியானம் வரச் சொல்லுங்க" என்றார்.

செயலாளர் முதல் ஆளாக வந்தார். பாட்டரிக் கடைக்காரர். பன்னிரண்டு வருடத்துக்கு முன் சங்கத்தை ஆரம்பித்தவர். "புதுசாக் கத்துக்கிட்டவங்க தப்பா அழிச்சிட்டு அடுத்தவங்க மேல பழி போடறது சகஜம்" என்றார். டாக்ஸிக்காரர் சாவியைச் சுழற்றியபடி சுவரில் சாய்ந்துகொண்டார்.

"அழிக்க ஒரு நிமிஷம் போதும்" என்று ஆரம்பித்தார் சர்வேயர். "வந்தவர் முப்பத்தஞ்சு நிமிஷம் இங்கே உட்கார்ந்திருக்கார். எந்த நேரமும் யாராவது வரலாம். ஏன் உட்காரணும்?"

"பயத்துல கை நடுங்கியிருக்கும்" என்றார் ஸ்டூடியோக்காரர்.

"இந்தக் கிழட்டு மெஷின்ல முந்நூறு பதிவை நகல் எடுக்க அவ்வளவு நேரம் ஆகும், சகலை. திருட வந்தவர் நகல் எடுத்துக்கிட்டுப் பேசாமப் போயிருப்பார். அழிக்க வந்தவர் நகலே எடுத்திருக்க மாட்டார். இவர் நகலும் எடுத்து, அப்புறம் அழிச்சிருக்கார். நகல் எடுக்காம எதிலும் கை வைக்கத் தெரியாதவர்."

டாக்ஸிக்காரர் சிரித்துவிட்டார். "அப்போ நான் இல்லை. நகல் எடுக்காம என் விளையாட்டையே மூணு தடவை தொலைச்சவன் நான். நேத்து கீழே சவாரிக்குத்தான் நின்னேன்."

அறையில் எல்லாருடைய கண்ணும் சுவரில் இருந்த முதல் விதிக்குப் போய், அங்கிருந்து அதை எழுதியவரிடம் வந்தது.

"சீட்டுல என்ன எழுதினீங்க, செயலாளர்?" என்று மெதுவாகக் கேட்டார் சர்வேயர். "உங்களுக்குச் சீட்டு ஒட்டாம இருக்க முடியாதே."

செயலாளரின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. எடுத்து மேசையில் வைத்த பென் டிரைவில், நேற்றைய தேதிக்குக் கீழே முத்து முத்தான எழுத்தில் இருந்தது: 'மருந்துக்கடை - குரல் - முழு நகல்.'

"பன்னெண்டு வருஷமா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க" என்றார், யாரையும் பார்க்காமல். "இப்போ நான் பக்கத்துல நிக்கறப்பவே இவங்களைத் தேடிப் போறாங்க. தாங்க முடியலை. கண்காட்சி முடிஞ்சதும், நானே மீட்டெடுத்த மாதிரி குடுத்துடலாம்னு இருந்தேன்."

மருந்துக்கடையம்மா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். டிரைவைச் சொருகி ஒரு பட்டனை அமுக்கினார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மறந்துடாதீங்க" என்றது கரகரத்த ஓர் ஆண் குரல். அந்த அம்மா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிரைவைப் பிடுங்கிக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"பெரிய மேசையை நீங்களே வெச்சுக்குங்க" என்று செயலாளரிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். செயலாளர் அந்த மேசைப் பக்கம் திரும்பவே இல்லை.

படியிறங்கும்போது ஸ்டூடியோக்காரர் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். தனக்குத் தெரிந்த சங்கம், தனக்குத் தெரிந்த விதி, தனக்கு ஏன் தோன்றவில்லை?

"எப்படி சகலை கண்டுபிடிச்சீங்க?"

"பொறாமையில செய்யறவங்க பொருளை ஒழிக்க மாட்டாங்க, ஒளிச்சுத்தான் வைப்பாங்கன்னு எனக்கு ஒரு வருஷமாத் தெரியும்" என்றார் சர்வேயர், படியைப் பார்த்தபடி. "ஒரே கார்டு. உங்க வீட்டுக்காரி படம் பளிச்சுன்னு வந்திருக்கு, மேடைப் படம் மட்டும் எப்படிக் கெடும்?"

ஸ்டூடியோக்காரர் நின்ற படியிலேயே நின்றுவிட்டார். முகம் சுட்டது. சகலை கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை, அவர் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்.

"சகலை" என்று கூப்பிட்டார். "அந்த மேடைப் படத்தை... பெரிசா ஃப்ரேம் போட்டுத் தரட்டுமா?"

சர்வேயர் திரும்பிப் பார்த்தார். "சின்னதாவே போடுங்க. உங்க வீட்டுக்காரி கண்ணுல பட்டா, இன்னும் நாலு தடவை 'அத்தானைக் கேளுங்க'ம்பாங்க. பாவம், உங்களுக்குத்தான் கஷ்டம்."