எலுமிச்சை ஸ்கோனும் காணாமல் போன சங்கிலியும்

துப்பறிவாளரும் அவருடைய உதவியாளரும் உள்ளே வந்ததும் மாமியார் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அடுக்களை வாசலில் நின்ற மருமகள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

"என் தங்கச் சங்கிலியைக் காணோம் சார். ஓவன் மணி அடிச்சதும் கழட்டி மேசை மேல வச்சிட்டுக் குளிக்கப் போனேன். சட்டுனு குளிச்சிட்டு வந்து பார்த்தா இல்ல! கதவு பூட்டினபடியே இருந்துச்சு. வீட்டுல இருந்தது என் மகனும் இவளும்தான். பெத்த பிள்ளை என்கிட்டயே திருடுவானா?" என்றாள் மாமியார்.

"அப்ப மருமகதான்! கேஸ் முடிஞ்சது சார்!" என்றார் உதவியாளர். ஊரே அவரை அவசரக்குடுக்கை என்று அழைத்ததில் தப்பே இல்லை.

மறுநாள் காலை மருமகள் ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர வேண்டும். கல்யாணமானதிலிருந்து நாலு சுவருக்குள் கிடந்தவளுக்குத் திறந்த ஒரே வழி அது. முதலாளிக்கு ருசி காட்டத்தான் எலுமிச்சை ஸ்கோன் என்ற சின்ன இனிப்பு ரொட்டிகளைச் சுட்டாள். இப்போது மாமியார் அந்த முதலாளிக்கே போன் போட்டு, திருடியை வேலைக்கு வைக்காதே என்று சொல்லத் துடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா குளிக்கறப்ப நீங்க எங்க இருந்தீங்க தம்பி?" என்று துப்பறிவாளர் மகனைக் கேட்டார்.

"அடுக்களையில சார். ஸ்கோன் அப்பதான் ஓவன்லருந்து வந்திருந்தது, ஆவி பறந்தது. அந்தச் சூட்டோட நான்தான் மேல ஐசிங், அதான் சீனிக் குழம்பு, ஊத்தினேன். இவ அங்க இல்ல."

மருமகள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பழியைக்கூடத் தாங்கியிருப்பாள். தாலி கட்டியவன் கண் இமைக்காமல் பொய் சொல்வதை எப்படித் தாங்குவது?

"நான் எங்கயும் போகல சார்," என்றாள். "ஆறுற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். அப்புறம் நான்தான் ஊத்தினேன்."

துப்பறிவாளர் தட்டைப் பார்த்தார். ஸ்கோன்களின் மேல் ஐசிங் வெள்ளைவெளேரென்று கெட்டியாகப் படிந்திருந்தது. ஒன்று மட்டும் ஐசிங் படாமல் மிச்சமிருந்தது. அதை ஓவனில் சுடவைத்து எடுத்து, கிண்ணத்தின் அடியில் மீந்திருந்த ஐசிங்கை, எலுமிச்சைச் சாறும் சீனித்தூளும் கலந்த குழம்பை அவரே மேலே ஊற்றினார். அது இளகி, நிறமில்லாமல் வழிந்து தட்டில் தேங்கியது.

"சூட்டுல ஊத்தினா இந்தக் கதிதான். ஆறின ஸ்கோன்லதான் வெள்ளையா நிக்கும். தம்பி, சுடச்சுட நீங்க ஊத்தினதா சொன்னது பொய். அப்ப நீங்க அடுக்களையிலயே இல்ல. எங்க இருந்தீங்க?"

மகன் தலை கவிழ்ந்தது. சட்டைப் பையிலிருந்து சங்கிலியை எடுத்து மேசை மேல் வைத்தான்.

"திருடணும்னு இல்ல சார். இவ மேல பழி விழுந்தா பேக்கரியில சேத்துக்க மாட்டாங்க. வீட்டோட கிடப்பானு நினைச்சேன்."

மாமியார் சங்கிலியை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். முகம் வெளிறியிருந்தாலும் அவள் பேச்சு பழைய தடத்துக்கே திரும்பிவிட்டது. "வீட்டு விஷயம் சார், வெளிய போகக்கூடாது. ஏதோ புத்தி கெட்டுப்போய்ப் பண்ணிட்டான், ஆம்பளப் பிள்ளை, மன்னிச்சிடுங்க."

"மன்னிப்பு என்கிட்ட கேக்க வேண்டியதில்லம்மா," என்றார் துப்பறிவாளர்.

மாமியார் அது காதில் விழாதவள் போல, அவர்களை வழியனுப்பக் கதவைத் திறந்தாள். உதவியாளர் மருமகளைப் பார்த்துக் கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

"சரி, நடந்தது நடந்துபோச்சு. உள்ள போய் எல்லாருக்கும் டீ போடும்மா. கதவைச் சாத்தணும்," என்றாள் மாமியார்.

மருமகள் செருப்பை மாட்டிக்கொண்டு படியைத் தாண்டி வெளியே வந்தாள். புருஷன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் பார்க்கவில்லை.

"சாத்திக்கோங்க அத்தை," என்றாள்.