இரண்டாவது கம்பளி

கரியனின் சாமைக்காட்டுக் குடிசைக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்று மணி. மார்கழி மாதம். விடியற்காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி மலையேற ஆரம்பித்தவன். கோமுகி அணை கட்டி இரண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மலைக்கு ரோடு வரவில்லை. வேட்டைக்கு இப்போது மாதிரிக் கெடுபிடியும் கிடையாது. இரவல் வாங்கிய நாட்டுத் துப்பாக்கி தோளில், இரண்டு கோணிப்பை கக்கத்தில். அவ்வளவுதான் என் சாமான்.

மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குக் காட்டுப்பன்றிக் கறி கொண்டு வருகிறேன் என்று நாலு பேர் முன்னால் வாயை விட்டிருந்தேன். என் வாய் அப்படி.

கரியனைக் கள்ளக்குறிச்சிச் சந்தையில் பழக்கம். தேனும் கடுக்காயும் கொண்டு வந்து விற்பான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். போன வாரமே சொல்லி அனுப்பியிருந்தான், ஆளுக்கு இரண்டு கம்பளி வேண்டும், ஒன்று போர்த்திக்கொள்ள, ஒன்று கீழே விரிக்க, எங்கள் ஊர்க் குளிர் தரையிலிருந்து ஏறும் என்று. நான் சிரித்தேன். களமருதூர்க்காரனுக்குத் தரை என்றால் சூடு. மார்கழியிலும் களத்துமேட்டில் வெறுந்தரையில் படுத்து எழுந்த உடம்பு இது. குளிர் மேலிருந்து பனியாக இறங்கும், கீழிருந்து எப்படி ஏறும்?

என் பெண்டாட்டி ஜெயம்மாள் ஒரு கம்பளியை மடித்துக் கையில் கொடுத்தாள். ஒரு தொடைக்கறி எடை இருக்கும் என்று திருப்பிப் போட்டேன். கோணி என்றால் போகும்போது படுக்கை, வரும்போது கறி மூட்டை. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

குடிசை பன்றிக் காவலுக்குப் போட்டது. மூங்கில் தட்டிச் சுவர், மேலே புல். ஒருத்தன் தாராளமாகப் படுக்கலாம். இரண்டு பேர் என்றால் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். உள்ளே புகை வாடையும் சாமை வைக்கோல் வாடையும் அடித்தன. கரியன் என் கோணிகளைப் பார்த்தான். அவன் கண் மஞ்சளாக இருந்தது. குளிர்காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகிறது, நீங்கள் வருகிறீர்கள் என்று எழுந்து வந்தேன் என்றான்.

அன்று பன்றி சிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் அவன் சொன்னது நடந்தது. தரையிலிருந்து ஏறியது. முதலில் இடுப்பு, பிறகு முதுகெலும்பு, பிறகு பல். கோணி ஈரத்துணி மாதிரி ஆகிவிட்டது. கரியனிடம் இரண்டு கம்பளி இருந்தன. நான் நடுங்குவதைப் பார்த்து ஒன்றை எடுத்து என்மேல் போர்த்தினான். மேலே கதகதப்பு, கீழே பனிக்கட்டி.

"கரியா, அந்த இன்னொண்ணையும் குடு" என்றேன். "உனக்கு இன்னா, மலைக்காரன். குளுரு பழக்கந்தான."

கொடுத்தான். நான் திருடவில்லை. கேட்டு வாங்கினேன். அதுதான் கேவலம்.

கூரை புல் என்பதால் தீயை உள்ளே மூட்ட முடியாது. வாசலில் நெருப்பு மூட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன் என்று போனான். நான் இரண்டு கம்பளிக்கு நடுவே சுருண்டேன். தூக்கம் வருகிற நேரத்தில் கூரைமேல் சரசரவென்று தூறல். வெளியே நெருப்பு உஸ் என்று அணைந்தது. நனைந்த சாம்பல் வாடை உள்ளே வந்தது.

வாசலில் ஆள் நிழல்.

"அண்ணே." மெதுவாகத்தான் கூப்பிட்டான். "கொஞ்சம் நவுந்து படுக்கிறீங்களா?"

எனக்குக் கேட்டது. ஒரு முழம் நகர்ந்தால் போதும். ஆனால் நகர்ந்தால் சூடு பிடித்த இடம் போய்விடும். அவன் ஈரத்தோடு ஒட்டிப் படுப்பான். இன்னொன்றும் இருந்தது, இத்தனை வயதுக்குப் பிறகு மறைத்து என்ன? மலைக்காரனோடு ஒரே கம்பளியில் படுத்தேன் என்று ஊருக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்தேன்.

தூங்குகிற மாதிரி நடித்தேன். மூச்சை ஒரே சீராக இழுத்து விட்டேன். நம்பவேண்டும் என்று நடுவில் ஒரு சின்னக் குறட்டையும் சேர்த்தேன்.

அவன் இரண்டாவது முறை கூப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் என் முதுகுப் பக்கத்துத் தட்டி நடுங்க ஆரம்பித்தது. தூறல் படாத அந்தப் பக்கம் கூரை விளிம்புக்குக் கீழே வந்து, தட்டியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். எனக்கும் அவனுக்கும் நடுவே ஒரு மூங்கில் கீற்று. அவன் நடுக்கம் என் முதுகில் தெரிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

பிறகு நின்றது.

அப்பாடா என்று தூங்கிப் போனேன்.

விடிந்ததும் அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். முழங்காலைக் கட்டியபடி, கண் திறந்தபடி. புருவத்தில் பனி.

அவன் ஊருக்கு ஓடிப் போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். அவன் பெண்டாட்டி வெள்ளச்சி அழவில்லை. உங்களை எழுப்பவில்லையா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன்.

"ஆமாங்க, அவுரு எழுப்ப மாட்டாரு" என்றாள். "தூங்கிக்கினு இருக்கறவங்கள எழுப்பறது பாவம்னு சொல்லுவாரு."

நான் புறப்படும்போது கம்பளிகளில் ஒன்றை என் தோளில் போட்டாள். இறங்குகிற வரைக்கும் குளிரும், போர்த்திக்கொண்டு போங்கள் என்றாள். போர்த்திக்கொண்டு இறங்கினேன்.

அடுத்த மார்கழியில் களமருதூரில் என் வீட்டுச் சுவர் நடுங்கியது.

மண்சுவர். நான் முதுகு சாய்த்துப் படுத்திருந்த இடம் மட்டும். எலி என்று ஜெயம்மாளிடம் சொன்னேன். கட்டிலை நடுவீட்டில் போட்டேன், கட்டில் நடுங்கியது. பத்து வருஷம் கழித்துச் செங்கல் வைத்துக் கட்டினேன். செங்கல்லும் நடுங்கியது. சாம்பல் நனைந்த வாடை வரும், பிறகு முதுகில் அந்த நடுக்கம், பிறகு நிற்கும். நிற்கிற அந்த நொடியில் ஒவ்வொரு முறையும் என் நெஞ்சுக்குள் அதே அப்பாடா எழும். பேயைவிட அதற்குத்தான் நான் பயந்தேன்.

வெள்ளச்சி செத்துப் பல வருஷம் ஆகிறது. அவளிடம் உண்மையைச் சொல்லவே இல்லை. ஜெயம்மாளும் போன பிறகு, எனக்கு எழுபது நெருங்கும்போது, ஒரு முடிவுக்கு வந்தேன். அவன் அன்று கேட்டது ஒரு முழம் இடம். அதைக் கொடுத்துவிட வேண்டும், அதே இடத்தில் கொடுத்துவிட வேண்டும்.

இப்போது மலைமேல் வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகிறது. நான்கு கம்பளி எடுத்துக்கொண்டேன், ஆளுக்கு இரண்டு. ஒரு தார்ப்பாய். எடையைப் பற்றி யோசிக்கவில்லை. சாமைக்காடு மரவள்ளிக்காடாகியிருந்தது, குடிசை இருந்த மேடு மட்டும் தெரிந்தது. தார்ப்பாயைக் கட்டி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு படுக்கை விரித்தேன். அவனுடைய பழைய கம்பளியை அவன் பக்கத்தில் வைத்தேன்.

பொழுது சாய்ந்தது. தரையிலிருந்து குளிர் ஏறியது.

நனைந்த சாம்பல் வாடை வந்தது.

தார்ப்பாய் என் முதுகில் நடுங்க ஆரம்பித்தது. நான் எழுந்து உட்கார்ந்தேன். பயமில்லை, வெட்கம்தான்.

"கரியா, உள்ள வாடா" என்றேன். "நான் அன்னிக்கித் தூங்கல. எனக்குக் கேட்டுச்சு. நவுந்துட்டேன், வந்து படு."

நடுக்கம் நின்றது.

தூறல் இல்லை, காற்று இல்லை. நான் அவன் படுக்கையின் கம்பளியை ஒதுக்கி வைத்துக் காத்திருந்தேன். விளிம்பு அசையவில்லை. இன்னொரு முறை கூப்பிட்டேன். கைகூப்பிக் கூப்பிட்டேன்.

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம், என் காதுக்கு ஒரு முழத் தூரத்தில், மூச்சு கேட்டது. ஒரே சீராக இழுத்து விடுகிற மூச்சு. கொஞ்சம் கூடுதலாகவே சீராக.

விடியும் வரை கூப்பிட்டேன்.

கீழே வந்து மூன்று வருஷம் ஆகிறது. இப்போது எந்தச் சுவரும் நடுங்குவதில்லை, மார்கழி என்று கணக்கும் இல்லை. எந்த ராத்திரி கூப்பிட்டாலும் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த மூச்சு கேட்கும். நான் நம்பவேண்டும் என்று, நடுவில் ஒரு சின்னக் குறட்டையும்.